இந்திய வரலாறும் என் வீட்டுக்காரரும்

அந்தப் புகைப்படத்தில் என் வீட்டுக்காரர் சிரிக்காமல் இருந்தார்.

மதியம் மூன்று மணி. எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்க முடியாது, தாள் பறந்துவிடும். வேர்வையும் பசை வாடையுமாக உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எப்போதோ படித்துவிட்டு ஒன்றிரண்டு பாடங்களில் தேறாமல் போனவர்களுக்குக் கல்லூரி கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. தலை நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், எல்லோரும் பாஸ்போர்ட் அளவில் என்னைப் பார்த்தார்கள்.

முப்பதாவதோ நாற்பதாவதோ உறையைக் கிழித்தேன். உள்ளே இவர்.

புதிதாக மை பூசிய மீசை. போன மாதம் "சும்மா, ஆசையா இருந்துச்சு" என்று எடுத்த நீலச் சட்டை. பெயர்: சா. ஜெயசீலன். படிப்பு: பி.எஸ்ஸி. இயற்பியல். தேற வேண்டிய பாடம்: இந்திய வரலாறும் கட்டுரை வரைதலும். இதுவரை எழுதிய முறை: ஆறு.

ஆறு என்பதைக் கொஞ்சம் சின்னதாக எழுதியிருந்தார்.

எனக்கும் இவருக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று தங்க நிற எழுத்தில் அச்சடித்திருந்தது. கையிலிருந்த பசைக் குச்சியை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

முடிஞ்ச மாதிரிதான்

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மிஷன் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, டிகிரி முடிச்சாச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் மாமா" என்றார் இவர்.

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்கு எம்புட்டு அடக்கம் என்று என் அத்தை அடுப்படியில் வந்து சொன்னாள். எனக்கும் அந்த அடக்கம்தான் பிடித்தது. யோசித்துப் பார்த்தால் மனிதர் அன்று பொய்யே சொல்லவில்லை. நாங்கள்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லோருக்கும் ஒரே தாள்

எங்கள் கல்லூரியில் நீங்கள் கணக்குப் படிக்கலாம், விலங்கியல் படிக்கலாம், வணிகவியல் படிக்கலாம். ஆனால் எதைப் படித்தாலும் இந்த ஒரு தாளில் தேறாமல் பட்டம் கிடையாது. பாதி மதிப்பெண் நாட்டின் வரலாற்றுக்கு. மீதிப் பாதி, ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் தமிழில் எழுதும் ஒரு கட்டுரைக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பட்டதாரி என்றால் நாடு எப்படி உண்டானது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததைக் கோர்வையாக எழுதவும் வேண்டும் என்று அந்தக் காலத்து முதல்வர் யாரோ பிடிவாதமாகக் கொண்டுவந்தாராம்.

நல்ல விஷயம்தான். அதைப் பற்றி நான் புதிய மாணவர்களிடம் உயர்வாகப் பேசியும் இருக்கிறேன்.

(போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய கேன்டீன் பூனையைப் பற்றி மூன்று பேர் விசாரித்திருக்கிறார்கள். பூனை நலம். குட்டிகளும் நலம்.)

இவர் வேலை பார்ப்பது கப்பலூர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கிடங்கில். மேற்பார்வையாளர். இருபது வருஷமாக எந்தக் குழாய் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வருஷம் கம்பெனி கைமாறியது. புது நிர்வாகம் எல்லோரையும் படிப்புச் சான்றிதழின் அசலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது இவர் கொடுத்த காகிதத்திலும் பி.எஸ்ஸி. என்றுதான் இருந்தது. கொண்டுபோகாவிட்டால் இருக்கிற வேலையும் போகும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் அந்த மீசைதான்.

இன்னொன்று. என் மேஜைக்கு அது வரும் என்று இவருக்குத் தெரியாது. நான் ஸ்காலர்ஷிப் பிரிவில்தான் பல வருஷமாக இருந்தேன். தேர்வுப் பிரிவுப் பெண் பிரசவ விடுப்பில் போனதால் மூன்று நாள் முன்புதான் என்னை அங்கே மாற்றியிருந்தார்கள். அதை வீட்டில் சொல்ல மறந்திருந்தேன்.

அன்று மாலையில் மறக்கவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன எஸ்தர்?" என்று கேட்டார்.

"ஸ்காலர்ஷிப் வேலைதான். வேறென்ன?" என்றேன்.

வாக்கிங்

அந்த வாரத்திலிருந்து இவர் சாயங்காலம் தெப்பக்குளத்துக்கு நடக்கப் போக ஆரம்பித்தார். எங்கள் வீடு வண்டியூரில், நடந்தால் பத்து நிமிஷம். ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. பேன்ட்டின் பின்பக்கத்தில் மட்டும் படிக்கட்டு மண் ஒட்டியிருக்கும்.

ஒரு நாள் நான் இவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். துணிப்பை எடுக்கச் சீட்டைத் திறந்தால் அடியில் ஒரு வரலாற்றுப் புத்தகம், ஒரு நோட்டு. கடை வாசலில் நின்றபடியே நோட்டைப் புரட்டினேன்.

"பிளாசிப் போர். கொடுக்கப்பட்டவை: நவாப், கம்பெனி. கண்டறிய வேண்டியது: யார் தோற்றார். விடை: நவாப்."

அடுத்த பக்கம் கட்டுரைப் பயிற்சி. தலைப்பு, என் ஊர்.

"என் ஊர் மதுரை. இது வைகை ஆற்றின் கரையில் உள்ளது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மேற்கூறிய காரணங்களால் மதுரை சிறந்த ஊராகும்."

அவ்வளவுதான் கட்டுரை. ஐந்து பக்கம் வேண்டிய இடத்தில் நாலு வரி. அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு.

சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, வரலாற்று வாத்தியார் மகளிடம் கேட்காமல், இந்த மனிதர் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து நவாபைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

இரண்டு நாள் கழித்துக் கோபம் கொஞ்சம் இறங்கியது. நான் ஒரு வேலை செய்தேன்.

"என்னங்க, நம்ம சர்ச் சபை மலருக்கு என்கிட்ட ஒரு கட்டுரை கேட்டிருக்காங்க. எனக்கு நேரமே இல்ல. நீங்க எழுதிக் குடுங்களேன்."

"நானா? என்னத்தப் பத்தி?"

"எதப் பத்தின்னாலும். உங்களுக்குத் தெரிஞ்சது. ஆனா அஞ்சு பக்கம் வேணுமாம்."

அஞ்சு பக்கம் என்றதும் இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளில் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார். ஏழு பக்கம். வைகையிலிருந்து தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று எழுதியிருந்தார். பூமிக்கடியில் வாய்க்கால் எப்படிப் போகும், மட்டம் ஏன் ஒரு சாண் தப்பக்கூடாது, குளம் நிறைந்த வருஷம் சுற்றிலும் கிணறுகளில் எம்புட்டு உயரம் ஊறியது, அன்று குளத்தைப் பார்க்கக் கூடிய ஜனம், ஒருவர் தன் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். இந்த மனிதருக்கு எழுதத் தெரியும். தண்ணீரும் குழாயும் போகிற இடமெல்லாம் பேனாவும் போகிறது.

"நல்லா இல்லையா?" என்றார்.

"பரவால்ல" என்றேன். அதற்கு மேல் சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

உறுதிமொழிப் படிவம்

வினை ஒரு வெள்ளிக்கிழமை ஹசீனா மேடம் உருவில் வந்தது. மேடம் எங்கள் சூப்பிரண்டு. கோரிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவர் குரல் இரண்டு கட்டடம் தாண்டிக் கேட்கும். அதை மெதுவான குரல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

தேர்வு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "என் கணவர், மனைவி, மக்கள், உடன்பிறந்தார் எவரும் இத்தேர்வை எழுதவில்லை என உறுதி கூறுகிறேன்." அச்சடித்த வாசகம். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். யாரும் படிப்பதுகூட இல்லை.

நான் படித்தேன்.

கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் என்றாவது தெரிந்தால் என் வேலை போகும், இவருடைய தாளையும் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். போடாவிட்டால் கல்லூரி முழுக்க இவர் கதை நாறும். இந்தக் கல்லூரியில் பாதிப் பேர் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் அப்பா காதுக்குப் போய்விடும்.

இவரிடம் கேட்கலாம் என்றால், எனக்குத் தெரியும் என்பதே இவருக்குத் தெரியாது.

பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து, கடைசியில் "எவரும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "என் கணவர் தவிர எவரும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஹசீனா மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யா அல்லா! எஸ்தர், ஜெயசீலன் சார் அரியர் எழுதுறாரா?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. வராண்டாவில் பெருக்கிக்கொண்டிருந்த விளக்குமாறும் நின்றது.

"மேடம், மெதுவா..."

"மெதுவாத்தானம்மா கேக்குறேன்!"

பிறகு என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எழுதிக் குடுத்தது நல்லதுதான். நாளையிலருந்து நீ ஸ்காலர்ஷிப்புக்கே போயிரு. பரீட்சை முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் உன் நிழல்கூட வரக்கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தப் பேப்பர்?" என்றார்.

"வரலாறும் கட்டுரையும்."

"அய்யோ பாவம்" என்றார். இந்த முறை உண்மையாகவே மெதுவாக.

இரண்டு பேனா

தேர்வு நாள் காலையில் இவர் திண்டுக்கல்லுக்கு ஸ்டாக் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். வாசல் வரை போய்விட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு பேனா எடுத்துக்கிட்டீங்களா?"

இவர் திரும்பினார். "பேனாவா?"

"ஸ்டாக் எழுத வேணாமா?"

"ஆமா ஆமா" என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு கல்லூரி வாசலில் நடந்ததை எனக்குச் சொன்னவர் காவலாளி பாண்டி. பக்கத்துக் கிராமம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இவர் தலையில் ஹெல்மெட், முகத்தில் கர்ச்சீஃப், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வண்டியை நிறுத்தி, குரலை மாற்றி, "பழைய ஸ்டூடன்ட்ஸ் பரீட்சை எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

பாண்டி எழுந்து நின்று சல்யூட் வைத்திருக்கிறார். "வாங்கண்ணே! எஸ்தரக்கா வீட்டு அண்ணந்தான? மாடியில நாலாம் நம்பர் ரூம். நல்லாப் படிச்சிட்டீகளா?"

ஹெல்மெட் அசையவில்லையாம். அதற்குள் பெருக்குகிற அம்மா வந்து, "சார், பதறாம எழுதுங்க" என்றிருக்கிறார். கேன்டீன் ஜன்னலிலிருந்து யாரோ கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார்கள். இவர் வண்டியைத் திருப்பப் பார்த்திருக்கிறார். பாண்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணே போறீக? நீங்க திரும்பிப் போனா அக்கா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும். இறங்குங்க."

"அவளுக்குத் தெரியுமா?" என்று இவர் சொந்தக் குரலில் கேட்டாராம்.

"தெரியாமயா? எழுதிக் கையெழுத்தே போட்டுருக்கு!"

அந்த மூன்று மணி நேரம் நான் எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து ஒரே பட்டியலை நான்கு முறை கூட்டினேன். நான்கு முறையும் வேறு வேறு விடை.

கேன்டீனில்

மணி அடித்தது. நான் கேன்டீனுக்குப் போனேன். இவர் ஓரத்து மேஜையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மை. எதிரே உட்கார்ந்தேன். கேட்காமலே இரண்டு டீயும் வடையும் வந்தன.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"உறையக் கிழிச்ச அன்னைக்கே. நான்தான் பிரிச்சேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

வடையைப் பிய்த்தார். தின்னவில்லை.

"கல்யாணமான புதுசுல ரெண்டு தடவ எழுதுனேன் எஸ்தர். திருச்சிக்கு இன்டர்வியூன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அது. பாஸானதும் சொல்லிச் சிரிச்சுக்கலாம்னு இருந்தேன். பாஸாகல. அப்பறம் பாப்பா பொறந்தா. ஒவ்வொரு வருசமும் சொல்றதுக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு."

"சொல்லியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன்ல?"

"அதான் பயமே" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டு திருச்சிப் பயணத்துக்கும் நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தேன். இன்டர்வியூவுக்காக. ஆண்டவருக்கே அந்த நாட்களில் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

"இனிமே என்கிட்ட எதையும் மறைக்காதீங்க."

"நீயும் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்னு சொன்னியே?"

இவர் தட்டை என் பக்கம் இழுத்தேன். வடையைத் தின்றேன்.

(இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று இவரைக் கேட்டேன். "அஞ்சு பக்கம் வருமா?" என்றார். வரும் என்றேன். "அப்ப எழுது" என்று சொல்லிவிட்டார்.)

நரிமேட்டில் வாய்மொழித் தேர்வு

தேறிவிட்டார். வரலாற்றில் தாராளமாக, கட்டுரையில், தலைப்பில் தண்ணீர் வராததால், தட்டுத் தடுமாறி. சான்றிதழைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு இளம்பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நகல் எடுத்துக்கொண்டு அசலைக் கொடுத்துவிட்டாளாம். "ஒரு நிமிசம் வாசிச்சாச்சும் பாத்திருக்கலாம்" என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

கல்லூரி முழுக்கத் தெரிந்தும், ஹசீனா மேடம் போட்ட அதட்டலில் அப்பா காதுக்கு மட்டும் விஷயம் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, "மாமாகிட்டச் சொல்லணும்" என்றார்.

"எதுக்கு? அதான் பாஸாகிட்டீங்கல்ல?"

"பாஸானப்பறந்தான சொல்ல முடியும்?"

நரிமேட்டு வீட்டில் அப்பா ஈஸிசேரில் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. காதும் நினைவும் கூர்மை. பல் மட்டும் செட். இவர் அவர் முன்னால் நின்றுகொண்டே சொன்னார்.

"மாமா, எங்க கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னால போட்டிருந்தது அப்ப நிசமில்ல. ஒரு பேப்பர் பாக்கி இருந்துச்சு. போன வாரந்தான் முடிச்சேன். மன்னிச்சிருங்க."

அப்பா கையிலிருந்த விசிறியை மடியில் வைத்தார்.

"எந்தப் பாடம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வரலாறு மாமா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "வேற எதுலயாச்சும் பெயிலாகியிருக்கக் கூடாதா மாப்ள?" என்றார். உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உக்காருங்க. மூணு கேள்வி."

நாற்பத்தேழு வயது மனிதர் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முதல் கேள்வி, உப்புச் சட்டத்தை மீற வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள்? திருச்சி என்றார். அந்த ஊர்ப் பெயர் வந்ததும் என் பக்கம் ஒரு பார்வை. இரண்டாவது, வட்டமேசை மாநாடு எத்தனை? மூன்று என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

"வெள்ளையனே வெளியேறு தீர்மானம். தேதி?"

"ஆகஸ்ட் எட்டு மாமா."

"ஒம்பது."

இதோடு இவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் இவர் அப்பாவை ஒரு முறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

"எட்டு மாமா. பம்பாய்ல தீர்மானம் போட்டது எட்டு. விடியுறதுக்குள்ள தலைவர்களைக் கைது பண்ணுனாங்கல்ல, அதுதான் ஒம்பது."

நான் முதுகுக்குப் பின்னாலிருந்து கிள்ளினேன். இவர் அசையவில்லை.

அப்பா மெதுவாக எழுந்தார். உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம், பூதக்கண்ணாடியைத் தேடும் சத்தம், பக்கம் புரளும் சத்தம். ஒரு புத்தகம், இன்னொரு புத்தகம். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சர்வீஸ் பூரா ஒம்பதுன்னுதான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எட்டுன்னு எழுதுனவனுக்கெல்லாம் தப்புப் போட்டிருக்கேன். எத்தன பேரோ."

அப்பா முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இவர் முக்காலியை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். கணக்கு ஒன்றை விளக்குவது போல நிதானமாகச் சொன்னார்.

"கவலப்படாதீங்க மாமா. எட்டுன்னு எழுதுனவன் ரொம்பக் கம்மியாத்தான் இருப்பான். நீங்கதான் எல்லாத்துக்கும் ஒம்பதுன்னு சொல்லிக் குடுத்துட்டீங்களே."

அப்பா இவரையே பார்த்தார். உதடு துடித்தது. கோபமாக்கும் என்று நான் எழுந்துகூட விட்டேன். அவர் பல்செட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த தம்ளரில் போட்டுவிட்டு, ஈஸிசேர் கிரீச்சிடக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.